அப்பா தீர்ப்புச் சொல்லாத சுருட்டு

கிணற்றடியில் இருந்து புகை விட்டபடி என்னோடு வாதாடிய என் அப்பாவுக்கு,

இறந்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேராது. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்கள் இருந்திருந்தால், "இல்லாத ஆளோடை கதைக்கிற வருத்தம் உனக்கும் தொத்தீட்டுதோ பிள்ளை?" என்று கேட்டுச் சிரித்திருப்பீர்கள். தொத்திவிட்டது, அப்பா. சொல்ல வேண்டியதைக் கேட்க இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

உங்களுடைய ஆட்டைத் திவசம் முடிந்துவிட்டது. நீங்கள் போய் ஒரு வருடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தம்பி ரொறன்ரோவில் இருந்து தனியாக வந்து நின்று செய்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாம். நேற்று அவனைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மா முன்னறையில் படுத்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் இந்த முறையும் புகையிலைதான். அரசாங்கம் அதை நிறுத்தப் போகிறது என்று வருடா வருடம் சொல்கிறார்கள். வருடா வருடம் நடுகிறார்கள். கன்று முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

நான் எழுத வந்தது அந்தச் சுருட்டைப் பற்றி. அலுமாரியின் கீழ்த்தட்டில், பிஸ்கட் ரின்னுக்குள், அண்ணைக்கென்று நீங்கள் எடுத்து வைத்த கியூபாச் சுருட்டு.

மற்றவர்களும் இதை வாசிப்பார்கள். ஆகவே கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன். இடையில் தொடங்குகிற கதை உங்களுக்கும் பிடிக்காது.

நீங்கள் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். வடக்கில் நீங்கள் சங்கிலி இழுக்காத காணி குறைவு. அதனாலோ என்னவோ எதைப் பேசினாலும் மண்ணில் கொண்டுபோய் முடிப்பீர்கள். மாம்பழம் புளித்தால் மண். யாருடைய மருமகளாவது கோபித்துக்கொண்டு போனால், அவள் பிறந்த ஊரின் மண். சுருட்டுக்கு மட்டும் மண்ணைக் காரணம் சொல்லாமல் விடுவீர்களா? உலகத்தில் புகையிலை என்றால் வலிகாமத்துச் செம்மண் புகையிலை, மிச்சமெல்லாம் வாழைச் சருகு. இதுதான் உங்கள் முடிவு. வேறு எதையும் குடித்துப் பார்க்காமலேயே எடுத்த முடிவு.

பின்னேரம் குளித்துவிட்டுக் கிணற்றடித் தொட்டிக் கட்டின்மேல் இருந்து ஒரு சுருட்டைப் பத்தவைப்பீர்கள். பாதி வந்ததும் கல்லில் அழுத்தி நூர்த்துவிடுவீர்கள். மிச்சத்தைக் குசினி யன்னலின் நிலைக்கட்டையில் வைப்பீர்கள், விடியத் தேநீரோடு குடிக்க. ஒரு சுருட்டை ஒரே இருப்பில் நீங்கள் குடித்து முடித்ததை நான் கண்டதில்லை. ஒரு தடவையைத் தவிர.

அண்ணை பெரிய வகுப்புக்குப் போன காலத்தில் அந்தக் குறைச்சுருட்டு விடிவதற்குள் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும். அவன் உங்கள் முன்னால் சுருட்டை வாயில் வைத்ததே இல்லை. எந்த மகன் தகப்பனுக்கு முன்னால் குடிப்பான்? ஆனால் வேலிப் பக்கம் புகை எழும்பும். நீங்கள் தேநீர்க் கோப்பையும் கையுமாக, அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்வீர்கள்.

"இஞ்சாரும், இந்த வீட்டிலை எலிக்கும் சுருட்டுப் பழக்கம் வந்திட்டுது."

அண்ணை புட்டுக் கோப்பையில் இருந்து தலை நிமிர்த்த மாட்டான். சிரிப்பை அடக்கப் போய் எனக்குப் புரையேறும்.

அது யுத்தத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். மண்ணெண்ணெயும் இல்லை, சவர்க்காரமும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். அண்ணைக்குக் கியூபா என்றால் ஒரு மயக்கம். எங்கிருந்தோ புத்தகங்கள் கொண்டுவந்து விளக்கடியில் வைத்து வாசிப்பான். பிறகு உங்களோடு வாதாட வருவான்.

"அவங்களுக்கும் தடை, எங்களுக்கும் தடை. எண்டாலும் உலகத்திலை திறமான சுருட்டு அவங்கடைதான் அப்பா."

"எங்கடை செம்மண் புகையிலையைவிடவோ?"

"அங்கையும் செம்மண்தானாம்."

"ஆர் சொன்னது?"

"வாசிச்சனான்."

"வாசிச்சா மணக்குமோ? ஒருக்காக் குடிச்சுப் பாத்தவன் வந்து சொல்லட்டும், கேக்கிறன். நீதான் சுருட்டே குடிக்காத பிள்ளையாச்சே."

அண்ணைக்கு அதற்கு மேல் வாய் திறக்க வழி இல்லை. நீங்கள் இருமுவதுபோல் சிரிப்பீர்கள். ஒருநாள் அவன் சொன்னான்: "பாதை திறக்கட்டும். கியூபாச் சுருட்டு ஒண்டு கொண்டந்து உங்கடை கையிலை தாறன். குடிச்சிட்டு உண்மை சொல்லோணும்." நீங்கள் சொன்னீர்கள்: "கொண்டா. நல்லதெண்டா நல்லதெண்டு சொல்லுறன். நான் அளவையிலை பொய் எழுதினவன் இல்லை."

எங்களைத் தெற்கோடு இணைக்கும் பாதை யுத்தத்தோடு திறந்தது, பூட்டியது, திறந்தது, பூட்டியது. அண்ணை நீர்ப்பாசன வேலையில் கிளிநொச்சிக்குப் போய், கடைசியாகப் பாதை பூட்டியபோது அங்கேயே நின்றுவிட்டான். யுத்தம் முடிந்து சனமெல்லாம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தபோது அவன் வரவில்லை. அவனைக் கண்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். இரண்டு பேரும் சொன்னது ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

அம்மா அவனுடைய படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போய் இருக்காத வாசல் இல்லை. நீங்கள் எங்கும் போகவில்லை. பின்னேரம் பாதிச் சுருட்டை நிலைக்கட்டையில் வைத்தீர்கள். விடிய அது வைத்தபடியே இருந்தது. அதைக் கையில் எடுத்து நீங்கள் நீளம் பார்ப்பதை நான் குசினிக்குள் இருந்து பார்த்திருக்கிறேன். ஒன்றும் கேட்டதில்லை. நம் இருவருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

யுத்தம் முடிந்தபின் முதல் தடவையாகத் தம்பி வந்தபோது இரண்டு கியூபாச் சுருட்டுக் கொண்டுவந்தான். ஞாபகம் இருக்கிறதா? தடிப்பாக, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கிக்கொண்டு, இடுப்பில் பொன் நிறக் காகித வளையத்தோடு.

"அமெரிக்காவிலை இது வாங்கேலாதப்பா. கனடாவிலை விக்கிறாங்கள்."

நீங்கள் மணந்து பார்த்தீர்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனீர்கள். நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். நான் அலசி, பிழிந்து, கொடியில் போட்டு முடித்தும் நீங்கள் குடித்து முடிக்கவில்லை. பாதி வந்தபோது நூர்ப்பீர்கள் என்று பார்த்தேன். இல்லை. விரல் சுடும்வரை இழுத்தீர்கள். கடைசித் துண்டு கையில் நிற்காமல் தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. அன்று நிலைக்கட்டையில் ஒன்றும் இல்லை.

தம்பி ஆசையோடு வந்தான். "எப்பிடி அப்பா? எங்கடை சுருட்டோ, அதுவோ?"

"கேட்டவன் நீயில்லை."

"பின்னை?"

"கொண்ணை வரட்டும். அவனிட்டைத்தான் சொல்லுறது."

அண்ணையிடம்தான் சொல்வீர்களாம், அவ்வளவுதான். மற்றச் சுருட்டை ஒரு புகையிலைத் துண்டில் சுற்றினீர்கள். வெய்யிலுக்குக் காயாமல் இருக்குமாம், நம் இலை அதற்கு ஈரம் கொடுக்குமாம். நான் தடுத்தேன். அப்படி வைத்தால் வண்டு வரும், வண்டு சுருட்டுக்குள் முட்டை விடும், குளிர்ப்பெட்டியில் வைத்தால் தப்பும் என்றேன்.

"மீனோடையோ? அவ்வளவு தூரத்திலையிருந்து வந்த மனிசனை மீனோடை படுக்க வைக்கிறதோ?"

"அப்பா, உது விஞ்ஞானம்."

"விஞ்ஞானம் ஒருபக்கம் கிடக்கட்டும் பிள்ளை. ரெண்டு செம்மண்ணும் ஒண்டாய்ப் படுக்கட்டும்."

உங்கள் முன்னால் சுருட்டை வாயில் வைக்காத மகனுக்கு நீங்களே சுருட்டு எடுத்து வைத்தீர்கள். அதன் பொருள் எனக்கு அன்றைக்கே விளங்கியது. அவன் வந்தால் பக்கத்தில் இருத்தி, நீங்களே நெருப்புக்குச்சி தட்டிக் கொடுப்பீர்கள். பிறகு தீர்ப்பைச் சொல்வீர்கள்.

அதற்குப் பின் உங்களுக்கு உலகத்துச் சுருட்டெல்லாம் வரத் தொடங்கியது. கிழவருக்கு என்ன கொண்டுபோவது என்று யோசிக்கும் வேலை சொந்தக்காரருக்கு இல்லாமல் போயிற்று. எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொன்னீர்கள், கேட்காதவர்களுக்கும் சொன்னீர்கள். கியூபாவுக்கு மட்டும் இல்லை.

டொமினிக்கன் சுருட்டு பால் அதிகம் விட்ட கோப்பி. "நல்ல அடக்கமான பிள்ளை. கலியாணம் பேசலாம். ஆனா வீட்டிலை வைச்சுக் கதைக்க ஒண்டுமில்லை." ஹொண்டுராஸ், மழைக்கு அடுத்தநாள் மாட்டுக் கொட்டில், "அதுகும் பிழையில்லை, பால் அங்கையிருந்துதானே வருது." நிக்கராகுவாவைப் பத்தவைத்ததும் கண் கலங்கியது. பக்கத்து வீட்டில் மிளகு வறுத்தால் நம் வீட்டில் தும்முவோமே, அப்படி என்றீர்கள். ஆனால் கொஞ்சம் பொறுத்தால் அடியில் ஒரு இனிப்பு வருகிறது, பனங்கட்டி அடிப்பிடித்த மாதிரி. யாரோ ஜேர்மனியில் இருந்து கொண்டுவந்த சுருட்டில் மேலே சுற்றிய இலை சுமாத்திரா. அதில் கறுவாப்பட்டை மணத்தது. எனக்கும் மணத்தது, ஒத்துக்கொள்கிறேன். திண்டுக்கல் சுருட்டைக் குடித்துவிட்டு, "சொந்தக்காரன்தான். எண்டாலும் பேச்சிலை ஒரு வித்தியாசம் கிடக்கு" என்றீர்கள்.

கடைசியில் நம் சுருட்டை எடுத்துப் பத்தவைத்து, ஒன்றும் சொல்லாமல் புகையை மட்டும் விடுவீர்கள். வீட்டுக்காரனுக்கு யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை என்பதுபோல.

எனக்குச் சந்தேகம். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துவிட்டு வந்து அதையே படிப்பித்துக்கொண்டிருப்பவள் நான். இந்தப் பால்கோப்பியும் மாட்டுக் கொட்டிலும் சுருட்டில் இருக்கின்றனவா, காகித வளையத்தை வாசித்தபின் உங்கள் தலைக்குள் வருகின்றனவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வளையங்களைக் கழற்றிவிட்டு, உங்கள் கண்ணைச் சால்வையால் கட்டினேன். அம்மா குசினி வாசலில் நின்று, "வயது போன காலத்திலை கண்கட்டி விளையாட்டு" என்று முணுமுணுத்தார்.

நம் சுருட்டை நீங்கள் பத்தவைக்க முன்னமே கண்டுபிடித்தீர்கள். அது திறமை இல்லை என்று உடனேயே சொன்னேன். நம் புகையிலையைப் தேங்காய்ப் பொச்சு மூட்டிப் புகை போட்டுப் பதப்படுத்துகிறார்கள். அந்த மணத்தைத் தடிமன் பிடித்தவனும் கண்டுபிடிப்பான். டொமினிக்கன் சரி. அடுத்ததாக நிக்கராகுவாவைக் கொடுத்தேன். ஒரு இழுவை இழுத்தீர்கள். உங்கள் முகம் மாறியது.

"பிள்ளை, நீ அந்த ரின்னைத் திறந்தனியோ?"

"இல்லையப்பா."

"இது கியூபாவெல்லோ! கொண்ணையின்ரையை எடுத்திட்டியோ?"

சால்வையை உருவி எறிந்துவிட்டு அலுமாரிக்கு ஓடினீர்கள். முழங்கால் நோவை மறந்து நீங்கள் ஓடியதை அன்றுதான் கடைசியாகக் கண்டேன். சுருட்டு இருந்தது. திரும்பி வந்து இருந்து மூச்சு வாங்கினீர்கள். இன்னும் சில இழுவை இழுத்துப் பார்த்துவிட்டு, "இல்லை. தொடக்கம்தான் அது. பேந்து வேறை" என்றீர்கள்.

நான் வாசித்ததைச் சொன்னேன். கியூபாவில் ஆட்சி மாறியபோது வெளியேறிப் போன தோட்டக்காரர் சிலர் விதையையும் கொண்டு போனார்களாம். போன இடங்களில் அதை நட்டார்களாம். நிக்கராகுவாவிலும் ஹொண்டுராசிலும் வளர்வதில் அந்த விதையும் உண்டு. அன்று பின்னேரம் தம்பி தொலைபேசி எடுத்தபோது அவனுடைய மகளும் வந்து, "அப்பப்பா, நீங்கள் சுகமா இருக்கிறீங்களா?" என்று பாடம் ஒப்புவிப்பதுபோல் கேட்டாள். அடுத்த வசனம் வராமல் நின்றாள். நீங்கள் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுக் கண்ணடித்தீர்கள்.

இங்கிருந்து போன விதை அல்லவா, அன்றிலிருந்து அவளுக்கு நிக்கராகுவா என்று பெயர். "இண்டைக்கு நிக்கராகுவா எடுத்தவளோ?" நல்ல காலம், தம்பிக்கு இது தெரியாது. இப்போது தெரிந்துவிடும்.

உங்களுக்கு நுரையீரலில் வருத்தம் வந்தபோது வைத்தியர் சுருட்டைக் குற்றம் சொன்னார். அம்மா காத்திருப்பைக் குற்றம் சொன்னார். நான் வைத்தியரை நம்புகிறேன். கடைசி மாதங்களில் உங்களுக்குச் சோறும் குழம்பும் ஒன்றாகவே இருந்தன. நம் சுருட்டு ஒன்றைப் பத்தவைக்காமல் மூக்கில் பிடித்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். மணக்கிறதா என்று நான் கேட்டதற்குத் தலையாட்டினீர்கள். ஆமென்றா, இல்லையென்றா?

சரி. திவச நாளுக்கு வருகிறேன்.

மத்தியானம் ஐயர் கிரியை முடித்துப் போனபின் தலைவாழையிலை போட்டு உங்களுக்குப் படைத்தோம். கத்தரிக்காய்ப் பொரியல், முருங்கைக்காய்க் கறி, பருப்பு, பயற்றம்பணியாரம், வெற்றிலை. இலையின் ஓரத்தில் வைக்க நம் சுருட்டு ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். தம்பி அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போனான்.

"அம்மா, அந்தக் கியூபாச் சுருட்டை எடுங்கோ. அப்பாவுக்கு அதை வைப்பம்."

"அது அவரின்ரை இல்லை."

"பின்னை ஆரின்ரை?"

"உனக்குத் தெரியாதோ ஆரின்ரையெண்டு?"

தம்பியின் மனதில் இது முதலே இருந்திருக்க வேண்டும். தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அப்ப அண்ணைக்கும் பக்கத்திலை ஒரு இலை போடுவம். ஐயரிட்டைக் கேட்டனான். செய்யலாமெண்டு சொன்னவர். எத்தினை வரியமாச்சு அம்மா…"

"நீ எண்ணு. நான் எண்ணேல்லை."

"அம்மா…"

"இருக்கிறவனுக்கு ஆரடா இலை போடுறது? அங்கை கனடாவிலை உதோ பழக்கம்? நாளைக்கு அவன் படலையைத் திறந்து வந்து, ஆருக்கணை அம்மா மற்ற இலையெண்டு கேட்டா நான் என்ன சொல்ல?"

ஒரு இலை, அப்பா. ஒரு வாழையிலையைக் கழுவி நிலத்தில் போடுவது. அதைப் போட்டால் அண்ணை செத்துவிட்டான். போடாவிட்டால் இருக்கிறான். இந்த நாட்டில் எந்த அதிகாரியும் எங்களுக்குச் சொல்லாத பதிலை அந்த இலை சொல்லிவிடும். அம்மா விறைத்துப்போய் நின்றார். தம்பியின் கண் சிவந்திருந்தது. அவனும் கொடுமைக்காரன் இல்லை. அண்ணைக்கு இவ்வளவு காலமும் யாரும் ஒரு வாய் சோறு வைக்கவில்லையே என்பது அவனுடைய கவலை.

"அக்கா, நீங்கள் படிச்சனீங்கள். நீங்களாவது சொல்லுங்கோ."

"ஓம், அவள் சொல்லட்டும்" என்றார் அம்மா.

இருவரும் நான் தங்கள் பக்கம் என்றே நினைத்தார்கள். அண்ணை இல்லை என்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டவள். நீங்களும் அறிவீர்கள். ஆனால் அதை வாயால் சொன்னதில்லை. "முதல் அது பழுதாகாமல் கிடக்கோ எண்டு பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனேன். நேரம் கடத்தத்தான் போனேன்.

ரின்னுக்குள் சுருட்டு நீங்கள் வைத்தபடி கிடந்தது. வெளியில் புகையிலை, அதைச் சுற்றி நூல், உங்கள் கை முடிச்சு. ஒவ்வொரு வருடமும் தோட்டத்தில் வெட்டு முடிந்ததும் புது இலை வாங்கி வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் மாற்றுவது எனக்குத் தெரியும். வெளியில் வந்ததும் அம்மா கேட்பார்: "என்னப்பா, கிடக்கோ?" நீங்கள் சொல்வீர்கள்: "கிடக்கு. அப்பிடியே கிடக்கு." வருத்தம் வருவதற்கு முன்பு கடைசியாகச் சுற்றிய இலை அது. ஒரு ஓட்டைகூட இல்லாமல் நன்றாக இருந்தது.

நூலை அவிழ்த்தேன். இலைக்கு உள்ளே ஒரு தாள்ச் சுருள். காணிப் படம் கீறுகிற, மறுபக்கம் தெரியும் மெல்லிய தாள். சுருட்டின் அளவுக்கு உருட்டி, இரண்டு முனையும் மடித்து விட்டிருந்தீர்கள். பிரித்தேன். உள்ளே மாவாகிப்போன தூள். மண்ணிறமான, நயமான மா. கொஞ்சம் இலை நரம்பு. காய்ந்துபோன சின்ன வண்டுகள் நாலைந்து. நடுவில் அந்தப் பொன் வளையம் மட்டும் முழுசாக.

சுருட்டு இல்லை. எப்போதோ வண்டு தின்று முடித்துவிட்டது. ஒரு கணம் எனக்கு அந்தப் பழைய எலி ஞாபகம் வந்தது.

அந்த மாவை ஒன்றும் சிந்தாமல் கூட்டி அள்ளித் தாளில் சுற்றியது யார்? அதன்மேல் வருடா வருடம் புது இலை சுற்றியது யார்? நீங்கள்தான், அப்பா. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருடமாகத் தெரிந்திருக்கிறது? கதவைச் சாத்திக்கொண்டு இருந்து மாவைப் பார்த்துவிட்டு, வெளியில் வந்து அம்மாவுக்கு அதைச் சொல்லியிருக்கிறீர்கள். அளவையில் பொய் எழுதாத மனிசன்.

அப்படியென்றால் அண்ணையைப் பற்றியும் உங்களுக்குத் தெரிந்திருந்ததா? நான் நினைத்ததையேதான் நீங்களும் நினைத்தீர்களா? ஒரே வீட்டில், ஒரே முடிவோடு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் இவ்வளவு காலம் இருந்தோமா?

மாவை மணந்து பார்த்தேன். பொச்சுப் புகை மணம். நம் இலையின் மணம்தான். கியூபா எங்கேயும் இல்லை. அண்ணை இன்றைக்கே படலையைத் திறந்து வந்தாலும் இனி ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் மிச்சம் இல்லை.

எல்லாவற்றையும் பழையபடி சுற்றி, நூலைக் கட்டி, ரின்னை மூடிவிட்டு வெளியில் வந்தேன்.

"என்ன பிள்ளை, கிடக்கோ?" என்றார் அம்மா.

"கிடக்கு அம்மா. அப்பிடியே கிடக்கு. அண்ணைக்கு இருக்கட்டும்."

அம்மா தம்பியைப் பார்த்தார். வெற்றி பெற்றவரின் பார்வை இல்லை அது. களைத்த பார்வை. தம்பி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்து பார்த்தேன். விரல் நுனியிலும் சேலைக் கரையிலும் மண்ணிற மா. அவன் கிட்ட வந்தான். தோளில் கிடந்த துவாயால் என் விரல்களைத் துடைத்தான், சேலையைத் தட்டிவிட்டான். அம்மா பார்க்க முன்னம். பிறகு போய் நம் சுருட்டை எடுத்துப் பத்தவைத்து, இருமி, உங்கள் இலையில் வைத்தான். ஒரு இலைதான், அப்பா.

நேற்று பஸ்ஸடியில் நின்றபோது கேட்டான். "அக்கா, நான் போய் வேறை ஒண்டு அனுப்பிவிடட்டோ? அதே சாதிதான். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது."

"வேண்டாம்" என்றேன்.

அவன் ஏன் என்று கேட்கவில்லை. என்னைத்தான் நான் கேட்டுக்கொண்டு வந்தேன். அதே மண், அதே விதை, அதே ஆட்கள் சுற்றியது. இரசாயனப்படி இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. என் மாணவி ஒருத்தி வித்தியாசம் உண்டென்று எழுதினால் பிழை போட்டிருப்பேன். பிறகு ஏன் வேண்டாம் என்றேன்?

அம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. அச்செழுத்து வாசிப்பதில்லை. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். வாசிக்கிறவர்கள் யாராவது உடுவில் பக்கம் வந்தால், எங்கள் வீட்டுக்கு வாருங்கள், தேநீர் குடியுங்கள், அம்மாவோடு கதையுங்கள். இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் தீர்ப்பைப் பற்றியும் யோசித்தேன். அன்று கிணற்றடியில் ஒரே இருப்பில் முழுவதையும் குடித்தீர்களே, அது அவ்வளவு நன்றாக இருந்ததாலா? அப்படியென்றால் அண்ணை வென்றுவிட்டான். உங்கள் தோல்வியை அவனுடைய கையிலேயே கொடுக்கவேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தீர்கள். அல்லது அவனுக்கென்று முழுச் சுருட்டு ஒன்று இருந்ததால் அன்றைக்கு நிலைக்கட்டையில் குறை வைக்கத் தேவையில்லை என்று நினைத்தீர்களா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. இதில் எது சரி என்று காட்ட என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

அண்ணை வரமாட்டான், அப்பா. அம்மாவும் ஒருநாள் கேட்காமல் போய்விடுவார். பிறகு அந்த ரின்னில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நானும் தம்பியும்தான். எங்களுக்குப் பிறகு அது வெறும் குப்பை.

என்றாலும் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டு முடிந்ததும் போய் நல்ல இலையாக ஒன்று வாங்குவேன். கதவைச் சாத்திக்கொண்டு அந்த மாவைச் சுற்றுவேன். உங்கள் முடிச்சு எனக்குச் சரியாக வராது. பழகுவேன். வெளியில் வந்து, அம்மா கேட்டால், உங்கள் வார்த்தையிலேயே பதில் சொல்வேன். அவர் இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும். வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்த அவன் ஒருவேளை வந்தால், ஆதாரம் இல்லாமல் ஒன்றைச் சொன்னவள் என்ற பெயர் எனக்கு வந்தாலும் பரவாயில்லை, அவனைத் தொட்டிக் கட்டில் இருத்தி, "அண்ணை, நீ வெண்டிட்டாய். அப்பா குறை வைக்கேல்லை" என்று சொல்வேன்.

இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு இடையில் பிறந்த,
உங்கள் நடுப்பிள்ளை
வாசுகி